பாஸ்வேர்டு மாத்தச் சொன்னது போதும், சர்வர் யார்கிட்ட பேசுதுன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கயாவது ஒரு பெரிய கம்பெனில டேட்டா திருட்டு நடந்தா உங்க பேப்பர்ல செய்தி எப்பவும் ஒரே அச்சுலதான் வருது. ஹேக்கர்கள் ஊடுருவல், லட்சக்கணக்கானோர் தகவல் கசிவுன்னு தலைப்பு, கீழ ஒரு பெட்டி கட்டி பாஸ்வேர்டு வலுவா வைங்க, ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்கன்னு நாலு வரி. அந்த அறிவுரை தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா கடந்த சில வருஷங்கள்ல உலகத்தையே கலக்கின பல திருட்டுல பொதுமக்கள் யாரும் ஓடிபி சொல்லவும் இல்ல, யாரோட பாஸ்வேர்டும் பலவீனமா இருந்ததால அது நடக்கவும் இல்ல. வெளிய நின்ன ஒருத்தன் கம்பெனியோட சர்வர்கிட்டயே ஒரு அட்ரஸ் குடுத்து "போய் இத எடுத்துட்டு வா"ன்னு சொல்லிருக்கான், சர்வரும் மறுபேச்சு இல்லாம போயிருக்கு, அவ்வளவுதான் நடந்தது. இதுக்கு சர்வர் சைடு ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரின்னு பேரு, சுருக்கமா எஸ்எஸ்ஆர்எஃப். நான் அப்ளிகேஷன் சர்வர் பராமரிக்கிற வேலைல இருக்கேன், நான் படிச்ச வரைக்கும் நம்ம செய்தித்தாள்கள்ல இதப்பத்தி ஒரு வரி கூட வந்து பாத்ததில்ல, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க.

பேங்க், இன்சூரன்ஸ், ஏர்லைன், சம்பளப் பட்டுவாடா இந்த மாதிரி பெரிய அப்ளிகேஷன் எல்லாம் ஒரு அப்ளிகேஷன் சர்வர் மேலதான் ஓடும், ஆரக்கிளோட வெப்லாஜிக், ஐபிஎம்மோட வெப்ஸ்பியர், சாப்போட நெட்வீவர் மாதிரி. இந்த சர்வர் சும்மா பக்கம் காட்டிட்டு உக்காந்திருக்காது, அதுவே பல இடத்துக்குப் போய் பல விஷயத்த எடுத்துட்டு வரும். ஒரு இன்வாய்ஸ பிடிஎஃப் ஆக்கணும்னா அதுல இருக்கிற லோகோ படத்த எங்கயோ இருந்து இழுக்கும், லிங்க் போட்டா அதுக்கு ஒரு முன்னோட்டம் காட்டும், எக்ஸ்எம்எல்னு ஒரு டேட்டா ஃபைல் வந்தா அதுல சொல்லிருக்கிற ஸ்கீமாவ, அதாவது அந்த ஃபைலோட அமைப்பு விதிய, தேடிப் போகும், வேலை முடிஞ்சதும் வெப்ஹூக்னு ஒரு அட்ரஸுக்கு தகவல் சொல்லும், சிங்கிள் சைன் ஆனுக்கு, அதாவது ஒரே லாகின்ல பல அப்ளிகேஷனத் திறக்கிறதுக்கு, மெட்டாடேட்டா படிக்கும். இதுல எங்கயாவது ஒரு இடத்துல அட்ரஸ யூசர் குடுக்கலாம்னு விட்டுட்டு, அந்த அட்ரஸ் எங்க போகுதுன்னு சரியா பாக்காம விட்டா முடிஞ்சது. வெளிய இருக்கிற அட்ரஸுக்கு பதிலா கம்பெனி உள்ள இருக்கிற ஒரு மெஷினோட அட்ரஸ குடுப்பான், சர்வர் அங்க போகும். வெளி ஆள கேட்லயே நிறுத்துற வாட்ச்மேன், கைல ஒரு சீட்டோட வர்ற சொந்த ஆபீஸ் பையன நிறுத்த மாட்டான் இல்லையா, சீட்டு எழுதினது யாருன்னு அவன் கேக்குறதே இல்ல.

நான் சொல்ல வர்றதோட மையம் இதுதான். எஸ்எஸ்ஆர்எஃப்ங்கிறது கோடுல இருக்கிற ஒரு ஓட்டை மட்டும் இல்ல. உள்ள இருந்து வந்த ரிக்வெஸ்ட்னா நம்பலாம்னு கம்பெனி மொத்தமும் வச்சிருக்கிற பழக்கத்தாலதான் அந்த ஓட்டைக்கு இவ்வளவு பலம். ஓட்டைய பேட்ச் போட்டு அடைச்சிட்டு பழக்கத்த அப்படியே விட்டா அடுத்த வருஷம் அடுத்த ஓட்டை வரும், வந்துகிட்டும் இருக்கு.

வெப்லாஜிக் கதையவே எடுத்துக்குங்க, எங்க தொழில்ல இது பாடம் மாதிரி. அதுல யூடிடிஐ எக்ஸ்ப்ளோரர்னு ஒரு குட்டி அப்ளிகேஷன் கூடவே வரும். 2000 காலகட்டத்துல வெப் சர்வீஸ், அதாவது ஒரு சாஃப்ட்வேர் இன்னொரு சாஃப்ட்வேர்கிட்ட நெட் வழியா கேட்டு வாங்குற சேவை, எல்லாத்துக்கும் ஒரு பொது டைரக்டரி இருக்கும், எல்லாரும் அதுல தேடிக்குவாங்கன்னு ஒரு கனவு இருந்துச்சு, அந்தக் கனவு பலிக்கல, பெரிய கம்பெனிங்க நடத்தின பொது யூடிடிஐ டைரக்டரிய 2006லயே மூடிட்டாங்க. ஆனா சர்வர் கூட வந்த அந்த எக்ஸ்ப்ளோரர் மட்டும் போகல. அதுல ஒரு தேடல் பக்கம், எந்த டைரக்டரில தேடணும்னு ஒரு அட்ரஸ் வாங்கும், லாகின் எதுவும் கேக்காது. அந்த அட்ரஸ்ல உள் நெட்வொர்க் ஐபியும் (மெஷினோட விலாச நம்பர்) போர்ட் நம்பரும் (அந்த மெஷின்ல ஒவ்வொரு சர்வீஸுக்கும் இருக்கிற கதவு எண்) போட்டா வெப்லாஜிக் அங்க போய் தட்டிப் பாத்துட்டு வந்து நடந்தத ஒப்பிக்கும். போர்ட் மூடியிருந்தா கனெக்ட் ஆக முடியலன்னு ஒரு எரர், திறந்திருந்தா பதில் சரியான சோப் (வெப் சர்வீஸ்கள் பேசிக்கிற மெசேஜ்) வடிவத்துல இல்லன்னு வேற ஒரு எரர். ரெண்டு எரருக்கும் இருக்கிற வித்தியாசமே போதும், வெளிய உக்காந்துகிட்டு உள்ள எந்த மெஷின்ல என்ன ஓடுதுன்னு ஒரு மேப்பே போட்டுடலாம். இதுக்கு சிவிஇ-2014-4210ன்னு நம்பர், சிவிஇங்கிறது வெளிய தெரிஞ்ச ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் குடுக்கிற பொது அடையாள எண், ஆரக்கிள் 2014 ஜூலைல பேட்ச் குடுத்துச்சு, தீவிரம் எவ்வளவுன்னா பத்துக்கு 5.

பத்துக்கு அஞ்சு தானேன்னு எத்தனையோ ஆபீஸ்ல அத ஓரமா வச்சாங்க. ஆனா அந்த அட்ரஸ் பெட்டில இன்னொரு கோளாறும் இருந்துச்சு, வரி உடைக்கிற எழுத்துகள நடுவுல நுழைச்சா சர்வர் அனுப்புற ரிக்வெஸ்டுக்குள்ள நம்ம சொந்த வரிகளையும் சேத்து அனுப்பலாம். உள்ள 6379 போர்ட்ல பாஸ்வேர்டே இல்லாம ரெடிஸ்ங்கிற ஒரு டேட்டாபேஸ் ஓடிட்டு இருந்தா, அந்தக் காலத்துல உள் நெட்வொர்க்ல அது சர்வசாதாரணம், அந்த வரிகள ரெடிஸ் தனக்கு வந்த கட்டளைன்னு எடுத்துக்கும், அதுக்கப்புறம் அந்த மெஷின்லயே ஃபைல் எழுத வைக்கலாம், ஃபைல் எழுதத் தெரிஞ்சா மெஷினே கைல வந்த மாதிரி. அஞ்சு மார்க் ஓட்டை பக்கத்து வீட்டு நிலவரத்தப் பொறுத்து பத்து மார்க் ஆகிடுது. ஸ்கோர் போடுறவங்க வெப்லாஜிக்க மட்டும்தான் பாப்பாங்க, அதுக்குப் பக்கத்துல நீங்க என்ன வச்சிருக்கீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்.

இந்த ஸ்கோர் விஷயம் எனக்கு ரொம்ப நாளாவே எரிச்சல். பெரிய இடங்கள்ல பேட்ச் போடுறதுன்னா சின்ன வேலை இல்ல, மீட்டிங், அப்ரூவல், டவுன்டைம், டெஸ்டிங்னு ஒரு பெரிய சடங்கு, அதனால ஒம்போதுக்கு மேல இருந்தாதான் அவசரம், மத்ததெல்லாம் அடுத்த காலாண்டுன்னு ஒரு வழக்கம் வந்துடுச்சு. 2024ல வெப்ஸ்பியர் 8.5, 9.0, அப்புறம் லிபர்ட்டி வெர்ஷன்ல வந்த எஸ்எஸ்ஆர்எஃப்க்கு, சிவிஇ-2024-22329, ஸ்கோர் 4.3. அது எல்லா இடத்துலயும் ஆபத்துன்னு சொல்ல மாட்டேன், சில இடத்துல உண்மைலயே 4.3 தான். எந்த இடத்துல எவ்வளவுன்னு யாரும் உக்காந்து யோசிக்கிறதில்ல, எக்செல்ல மஞ்சள் கலர் அடிச்சிட்டு அடுத்த வரிக்குப் போயிடுறாங்க, அதுதான் என் கோபம்.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடிச்ச, பிடிச்சன்னு சொல்லக்கூடாது, ஆனா மறக்கவே முடியாத ஒரு கேஸ். அப்பாச்சி ஆக்ஸிஸ்னு ஒரு ஜாவா லைப்ரரி, வெப் சர்வீஸ் எழுதறதுக்கு, 1.4 வெர்ஷன் 2006ல வந்துச்சு, அதோட அந்த வரிசை நின்னுடுச்சு, ஆனா எத்தனையோ பெரிய அப்ளிகேஷன் அடிவயித்துல அது இன்னும் இருக்கு. அது கூட உதாரணத்துக்குன்னு பங்கு விலை காட்டுற ஒரு சின்ன ஃபைல் வரும். அந்த ஃபைல் விலைய எங்க இருந்து எடுக்கணும்னு ஒரு வெப்சைட் பேர கோடுலயே எழுதி வச்சிருந்தாங்க. வருஷங்கள் போச்சு, அந்த டொமைன புதுப்பிக்காம விட்டுட்டாங்க. 2019ல ஒரு ஆராய்ச்சியாளர் அது சும்மா கிடக்குறதப் பாத்துட்டு காசு குடுத்து வாங்கிட்டார். இப்ப அந்த உதாரண ஃபைல் எந்த சர்வர்ல இருந்தாலும் அத வெளிய இருந்து ஒரு தட்டு தட்டினா அந்த சர்வர் விலை கேட்டு நேரா அவர் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். அவர் பதிலுக்கு "இங்க இல்லப்பா, லோக்கல்ஹோஸ்ட்ல போய்க் கேளு"ன்னு ஒரு ரீடைரக்ட் குடுத்தா, லோக்கல்ஹோஸ்ட்னா ஒரு மெஷின் தன்னையே குறிக்கிற பேர், சர்வர் திரும்பித் தன்னோட கதவையே தட்டும். ஆக்ஸிஸோட அட்மின் சர்வீஸ் வெளி ஆளுக்குத் திறக்காது, அதே மெஷின்ல இருந்து வந்தா மட்டும் திறக்கும், அதுதான் அதோட பாதுகாப்பே. இப்ப கேக்குறது அதே மெஷின் தானே, திறந்துடுச்சு. சிவிஇ-2019-0227. இதுல அட்டாக் பண்றவன் அட்ரஸ் குடுக்கக் கூட இல்ல பாருங்க, அட்ரஸ் ஏற்கனவே கோடுக்குள்ள இருந்துச்சு, அதுக்குச் சொந்தக்காரர் மட்டும் மாறிட்டார். உதாரண அப்ளிகேஷன புரொடக்‌ஷன் சர்வர்ல விட்டு வைக்கிறதப் பத்தி எத்தனை பேர் எத்தனை தடவ கத்தினாலும் இது மாறல.

எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் விஷயம் உங்க பேப்பர்லயும் வந்திருக்கும், 2021 மார்ச் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அவசர பேட்ச் விட்டாங்க, ஹாஃப்னியம்னு அவங்க பேர் வச்ச குழு உள்ள புகுந்திருக்குன்னு சொன்னாங்க. அந்தச் சங்கிலியோட முதல் கண்ணி சிவிஇ-2021-26855, அது எஸ்எஸ்ஆர்எஃப் தான். எக்ஸ்சேஞ்ச்ல முன்னாடி ஒரு பகுதி, பின்னாடி ஒரு பகுதி, முன்பகுதி வாங்கி பின்பகுதிக்குக் கடத்தும். எந்தப் பின்பகுதிக்குக் கடத்தணும்னு ரிக்வெஸ்ட் கூட வர்ற குக்கிங்கிற ஒரு சின்னக் குறிப்புல இருந்து படிச்சுச்சு, குக்கிய அனுப்புறது வெளி ஆள், அத சரியா சோதிக்கல. இதுல கொடுமை என்னன்னா முன்பகுதி பின்பகுதிகிட்ட பேசும்போது சர்வரோட சொந்த அடையாளத்தோட பேசும், அதனால பின்பகுதி கண்ண மூடிக்கிட்டு நம்பிடும். லாகினே பண்ணாதவன் சர்வர் வேஷத்துல உள்ள நிக்கிறான், அங்க இருந்து இன்னொரு ஓட்டை வழியா ஃபைல் எழுதி வெப் ஷெல், அதாவது வெளிய இருந்தே சர்வர ஆட்டி வைக்கிற ஒரு குட்டி ப்ரோக்ராம், வச்சிட்டுப் போயிட்டாங்க. விஷயம் வெளிய தெரிஞ்ச சில நாள்லயே மத்த குழுக்களும் சேந்து கிடைச்ச சர்வரெல்லாம் புகுந்து, கடைசில அந்த ஏப்ரல்ல அமெரிக்காவுல எஃப்பிஐ கோர்ட் அனுமதி வாங்கிட்டு தனியார் கம்பெனிகளோட சர்வர்ல இருந்த வெப் ஷெல்ல தாங்களே போய் அழிச்சாங்க. சர்வருக்குச் சொந்தக்காரங்கள்ல பல பேருக்கு அது உள்ள இருந்ததே தெரியாது. 2022 செப்டம்பர்ல அதே எக்ஸ்சேஞ்ச்ல திரும்ப ஒரு எஸ்எஸ்ஆர்எஃப், சிவிஇ-2022-41040, இந்தத் தடவ ஒரு சாதாரண யூசர் லாகின் தேவைப்பட்டுச்சு, அது ஒண்ணுதான் ஆறுதல்.

கேபிடல் ஒன் பேங்க் திருட்டு 2019ல. அமெரிக்காவுல கிட்டத்தட்ட 10 கோடி பேர், கனடாவுல 60 லட்சம் பேர் தகவல் போச்சு. இதுக்கு முக்கியமான ஒரு அட்ரஸ் இருக்கு, 169.254.169.254, கிளவுட்ல வேலை பாக்குற எல்லாருக்கும் இந்த நம்பர் மனப்பாடம். கிளவுட்ல ஓடுற பெரும்பாலான மெஷின் "நான் யார், என் சாவி என்ன"ன்னு தெரிஞ்சுக்க இந்த அட்ரஸத்தான் கேக்கும், வெளிய இருந்து யாரும் இத தொட முடியாது. ஆனா அந்த மெஷின்ல ஓடுற ஒரு அப்ளிகேஷன்ல எஸ்எஸ்ஆர்எஃப் இருந்தா தொடலாம், மெஷினே போய் தற்காலிக சாவிய வாங்கிட்டு வந்து நீட்டும். அங்க நடந்ததும் அதான், தப்பா அமைச்சு வச்ச ஒரு வெப் ஃபயர்வால் வழியா, ஆமா காவலுக்கு வச்ச ஃபயர்வால் வழியாவேதான், சாவிய எடுத்தாங்க. சரி சாவி போச்சு, அந்த ஃபயர்வாலோட சாவிக்கு வாடிக்கையாளர் விண்ணப்பம் வச்சிருக்கிற கிடங்கத் திறக்கிற அதிகாரம் ஏன் இருந்துச்சு? அதத்தான் யாரும் கேக்கல. மார்ச்ல நடந்த திருட்டு ஜூலைல வெளியாள் ஒருத்தர் மெயில் போட்ட பிறகுதான் பேங்குக்கே தெரிஞ்சுது, அடுத்த வருஷம் 8 கோடி டாலர் அபராதம். அந்த கிளவுட்ட நடத்துற அமேசான் 2019 நவம்பர்ல, அந்த அட்ரஸ்ல பதில் சொல்ற மெட்டாடேட்டா சர்வீஸோட ரெண்டாவது வெர்ஷன விட்டாங்க, முதல்ல வேற விதமான ரிக்வெஸ்ட் போட்டு ஒரு டோக்கன் வாங்கணும், அந்த டோக்கன ஹெடர்ல, அதாவது ரிக்வெஸ்டோட தலைப்பு வரில, வச்சு கேட்டாதான் சாவி. சாதாரண எஸ்எஸ்ஆர்எஃப்ல அட்ரஸத்தான் மாத்த முடியும், ரிக்வெஸ்ட் விதத்தையும் ஹெடரையும் மாத்துறது கஷ்டம், அதனால பெரும்பாலும் அங்கேயே முட்டிக்கும். நல்ல மாத்தம். ஆனா பழைய வெர்ஷன நாமளே தேடிப் போய் மூடினாதான் பலன், பழைய மெஷின்ல ரெண்டும் திறந்தே கிடக்குறத நான் பாத்துகிட்டுதான் இருக்கேன்.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சா 2025 அக்டோபர பாருங்க. ஆரக்கிள் ஈ-பிசினஸ் சூட்னு கணக்கு, கொள்முதல், ஊழியர் விவரம் எல்லாம் ஒரே இடத்துல வச்சு நடத்துற பெரிய சாஃப்ட்வேர். செப்டம்பர் கடைசில பல கம்பெனி மேலதிகாரிகளுக்கு க்ளாப்ங்கிற கும்பல் பேர்ல உங்க டேட்டா எங்ககிட்ட இருக்கு, காசு குடுங்கன்னு மெயில் போச்சு. அக்டோபர் 4ஆம் தேதி ஆரக்கிள் அவசர அறிவிப்பு விட்டாங்க, சிவிஇ-2025-61882, ஸ்கோர் 9.8. அது ஒரே ஓட்டை இல்ல, பல சின்னச் சின்ன ஓட்டைகளக் கோத்த மாலை, அதுல முதல் மணி லாகின் இல்லாம வேலை செய்யுற ஒரு எஸ்எஸ்ஆர்எஃப். அது வழியா ரிக்வெஸ்டுக்குள்ள சொந்த வரிகள நுழைச்சு, அதே மெஷின்ல உள் உபயோகத்துக்குன்னு மட்டும் திறந்திருந்த போர்ட்டத் தொட்டு, அங்க இருந்த வடிகட்டிய ஏமாத்தி, கடைசில வெளிய இருந்து எக்ஸ்எஸ்எல்னு, எக்ஸ்எம்எல்ல வேற வடிவத்துக்கு மாத்துற ஒரு ஃபைல இழுக்க வச்சு அதுல இருந்த கோட ஓட வச்சிட்டாங்க. 2014 வெப்லாஜிக்ல பாத்த வரி உடைக்கிற தந்திரம்தான், கம்பெனி கூட அதே கம்பெனிதான். ஒரு வாரம் கழிச்சு அதே சாஃப்ட்வேர்ல இன்னொரு எஸ்எஸ்ஆர்எஃப்க்கு தனி அறிவிப்பு, சிவிஇ-2025-61884, ஸ்கோர் 7.5, இதையும் நடப்புல பயன்படுத்துறாங்கன்னு அமெரிக்க அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா அந்த மாசமே தன்னோட பட்டியல்ல சேத்துச்சு.

நடுவுல 2024 ஜனவரி 31ல வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்ல சேர உதவுற இவாண்டி விபிஎன் சாதனத்துல, லாகின் அடையாளத்தச் சரிபாக்குற சாம்ல் பகுதில ஒரு எஸ்எஸ்ஆர்எஃப், சிவிஇ-2024-21893. அந்தச் சாதனத்துல அப்ப வரிசையா ஓட்டை வந்ததால சிசா தன் கீழ இருக்கிற அரசு அலுவலகங்களுக்கு பேட்ச் பண்றது இருக்கட்டும், முதல்ல ரெண்டு நாள்ல கழட்டி வைங்கன்னு உத்தரவே போட்டுச்சு. சாப் பக்கமும் சும்மா இல்ல, எக்ஸ்எம்எல் வழியா சாப் சர்வரையே ஏணியாக்கி உள்ள போறத 2012லயே பிளாக் ஹாட்ங்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டுல செஞ்சு காட்டிட்டாங்க. வெப் அப்ளிகேஷன் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, பெரிய ஆபத்துகளோட 2021 டாப் டென் பட்டியல்ல எஸ்எஸ்ஆர்எஃப்ப பத்தாவதா சேத்துச்சு, அதுவும் புள்ளிவிவரத்த வச்சு இல்ல, களத்துல இருக்கிறவங்ககிட்ட சர்வே எடுத்தப்ப இதத்தான் முதல்ல சொன்னாங்கங்கிறதால. 2025 பட்டியல்ல தனி இடத்த எடுத்துட்டு அணுகல் கட்டுப்பாடு கோளாறுங்கிற முதல் இடத்துக்குள்ள கலந்துட்டாங்க. நிறைய பேருக்கு அதுல வருத்தம், எனக்கு அதுதான் சரியான இடம்னு தோணுது, யாரு யாரத் தொடலாம்ங்கிற கேள்விதானே இது.

சரி, இதுக்கு ஆபீஸ்கள்ல என்ன பண்றாங்கன்னு பாத்தா அங்கதான் சிரிப்பு வரும். முதல்ல எல்லாரும் செய்யுறது ஒரு தடைப்பட்டியல், லோக்கல்ஹோஸ்டோட நம்பரான 127.0.0.1 வந்தா விடாத, லோக்கல்ஹோஸ்ட்னு வந்தா விடாத. அதே 127.0.0.1 அட்ரஸ 2130706433ன்னு ஒரே நம்பராவும் எழுதலாம், ஐபிவி6ல வேற மாதிரி எழுதலாம், நல்ல வெளி அட்ரஸ் ஒண்ணு குடுத்து அங்க இருந்து உள்ள ரீடைரக்ட் பண்ணலாம், சைட் பேர ஐபி நம்பரா மாத்துற டிஎன்எஸ்ல சோதிக்கும்போது ஒரு ஐபியும் கனெக்ட் பண்ணும்போது வேற ஐபியும் வர்ற மாதிரி வைக்கலாம். தடைப்பட்டியல் வேணாம், அனுமதிப் பட்டியல் வைக்கலாம்னா அதுலயும் வழுக்கல் இருக்கு. ஆபீஸ் வேலைகளக் குறிச்சு வைக்கிற ஜிராங்கிற சாஃப்ட்வேர்ல 2019ல வந்த சிவிஇ-2019-8451 அப்படித்தான், எங்க சொந்த ஜிரா அட்ரஸ்ல ஆரம்பிச்சா மட்டும் விடுவோம்னு வச்சாங்க, அந்த அட்ரஸுக்குப் பின்னாடி ஒரு அட் (@) குறி போட்டு வேற சைட் பேர எழுதினதும் முன்னாடி இருந்தது வெறும் யூசர் பேரா மாறிடுச்சு, ரிக்வெஸ்ட் பின்னாடி இருக்கிற சைட்டுக்குப் போயிடுச்சு. ஒரு யூஆர்எல்ல சோதிக்கிற கோடு ஒரு மாதிரி படிக்குது, கனெக்ட் பண்ற கோடு வேற மாதிரி படிக்குது, இந்த இடைவெளிய மட்டும் வச்சே ஆரஞ்ச் சாய்ங்கிற தைவான் ஆராய்ச்சியாளர் 2017 பிளாக் ஹாட்ல ஒரு முழு உரையே குடுத்தார், எக்ஸ்சேஞ்ச் ஓட்டையக் கண்டுபிடிச்சதுலயும் அவர்தான். ஆக, ஸ்ட்ரிங்க ஒப்பிட்டுப் பாத்து இத அடைக்கிறது நடக்காது. பேர ஒரே தடவ ஐபியா மாத்தி, அந்த ஐபி உள் நெட்வொர்க்கா, லூப்பேக்கா (127.0.0.1 மாதிரி தன்னையே குறிக்கிறது), லிங்க் லோக்கலா (169.254ல ஆரம்பிக்கிறது)ன்னு பாத்து, அதே ஐபிக்குத்தான் கனெக்ட் பண்ணணும், ரீடைரக்ட் வந்தா நிறுத்தணும் இல்லன்னா மறுபடியும் முதல்ல இருந்து சோதிக்கணும், ஹெச்டிடிபிஎஸ் தவிர வேற எதையும் ஏத்துக்கக் கூடாது. இத ஒவ்வொரு டெவலப்பரும் தனித்தனியா எழுதாம ஒரே இடத்துல எழுதி எல்லாரும் அதையே பயன்படுத்தணும், தனித்தனியா எழுதினா ஆளுக்கு ஒரு ஓட்டை விடுவாங்க.

ஆனா கோடு சரியா இருந்தாலும் நெட்வொர்க் திறந்து கிடந்தா பிரயோஜனம் இல்ல. உள்ள வர்ற வழிக்கு மூணு அடுக்கு ஃபயர்வால் வைப்பாங்க, சர்வர் வெளிய போற வழிக்கும் பக்கத்து மெஷினுக்குப் போற வழிக்கும் எதுவும் இருக்காது. ஏன்னு கேட்டா லைசென்ஸ் செக் பண்ண வெளிய போகணும், அப்டேட் எடுக்கப் போகணும், எங்கெல்லாம் போகுதுன்னு லிஸ்ட் எங்ககிட்ட இல்ல, மூடினா எது உடையும்னு தெரியாதுன்னு பதில் வரும். அந்த லிஸ்ட் இல்லைங்கிறதுதான் நோயே. ஒரு மாசம் லாக் எடுத்துப் பாத்தா ஒரு அப்ளிகேஷன் சர்வர் நியாயமா பேச வேண்டிய இடங்கள் விரல் விட்டு எண்ணிடலாம், டேட்டாபேஸ் ஒண்ணு, மெயில் ரிலே ஒண்ணு, ஆதென்டிகேஷன் சர்வர் ஒண்ணு, ரெண்டு மூணு பார்ட்னர் ஏபிஐ. அத மட்டும் திறந்து மத்தத மூடி, வெளிய போறத ஒரு ப்ராக்ஸி, அதாவது நடுவுல நின்னு கடத்துற ஒரு சர்வர், வழியா மட்டும் விட்டா, நாளைக்கு பேரே தெரியாத ஒரு எஸ்எஸ்ஆர்எஃப் வந்தாலும் அவனுக்குப் போக இடம் இல்ல. அதே மெஷினுக்குள்ளயே சுத்துற தாக்குதல இது தடுக்காது, அதுக்கு லோக்கல்ஹோஸ்ட்ல இருந்து வந்தாலும் அட்மின் பக்கம் பாஸ்வேர்டோ சர்டிஃபிகேட்டோ கேக்கணும். உள்ள இருக்கிற ரெடிஸும் அப்படியே, உள்ளதானே இருக்குன்னு விடக்கூடாது. பயன்படுத்தாத கம்பொனன்ட், உதாரண அப்ளிகேஷன் எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ண அன்னைக்கே கழட்டிடணும். எதுவும் புது விஷயம் இல்ல, பெரிய செலவும் இல்ல, ஆனா செஞ்சதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க, செய்யாததுக்கும் திருட்டு நடக்குற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க.

அந்தக் கேக்குற வேலையத்தான் பத்திரிகைகிட்ட எதிர்பாக்குறேன். அடுத்த தடவ ஒரு கம்பெனி "அதிநவீன சைபர் தாக்குதலுக்கு நாங்கள் உள்ளானோம், விசாரணை நடக்கிறது"ன்னு அறிக்கை விட்டா அத அப்படியே போடாதீங்க, உங்க நிருபர போன் பண்ணச் சொல்லுங்க. வெளிய இருந்து தொடக்கூடிய அந்த சர்வர் உள்ள இருக்கிற வாடிக்கையாளர் டேட்டாபேஸ்கிட்ட ஏன் பேச முடிஞ்சுதுன்னு கேளுங்க, வெளிய போற டிராஃபிக்க கட்டுப்படுத்தி வச்சிருந்தாங்களான்னு கேளுங்க, பேட்ச் என்னைக்கு வந்துச்சு என்னைக்குப் போட்டாங்கன்னு தேதி கேளுங்க, அந்த ஓட்டைக்கு அவங்க உள்ளுக்குள்ள என்ன தீவிரம் குறிச்சு வச்சிருந்தாங்கன்னும் கேளுங்க. பதில் சொல்ல மாட்டாங்க, பரவால்ல, பதில் சொல்லலன்னு அச்சுல வந்தாலே போதும். அதப் படிக்கிற இன்னொரு கம்பெனி மேனேஜர் மறுநாள் காலைல தன் டீமக் கூப்பிட்டு நம்ம சர்வர் யார்கிட்ட எல்லாம் பேசுதுன்னு ஒரு லிஸ்ட் கேப்பார், எங்கள மாதிரி ஆளுங்க எத்தனை மெயில் போட்டும் நகராத விஷயம் அன்னைக்கு நகரும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கும் உங்கள் வாசகர்